இரவு வராத ஊரில் இஷா



எங்கள் தேவாரத்துப் பள்ளிவாசலில் ரமளான் மாதம் தோறும் சிறுவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஊருக்கு மேற்கே மலை நிற்கிறது. அந்தி வேளையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் ஊர் முழுவதும் நிழல் விழுந்துவிடும். நோன்புக் கஞ்சியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள், "ஹஜ்ரத், சூரியன் போயிருச்சு, நோன்பு திறக்கலாமா?" என்று கேட்பார்கள். "மலை மறைத்தது சூரியனைத்தான், பகலை அல்ல. பொறுங்கள்" என்பேன். இரவு முன்னோக்கி வரும் திசையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கிழக்கைச் சுட்டிக் காட்டியிருப்பதைச் சொல்லி, கீழ்வானம் கருப்பதைப் பார்க்கச் சொல்வேன். சுவரில் தொங்கும் வக்து அட்டவணையையும் காட்டுவேன். கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்ற பாடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையடிவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அந்தப் பாடம் படித்த மாணவர்களுள் ஒருவர் பொறியியல் முடித்து ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பணிக்குச் சேர்ந்தார். 2017ஆம் ஆண்டு ரமளான் மே மாத இறுதியில் தொடங்கியது. அப்போது அவருடைய தாயார் மதரஸாவுக்கு வந்து, "ஹஜ்ரத், என் மகன் அங்கே மஃரிபோடு சேர்த்தே இஷாவையும் தொழுதிடுறானாம். அந்த ஊர்ல இராத்திரியே வராதுன்னு சொல்றான். தீன் கையை விட்டுப் போகுதோன்னு பயமா இருக்கு" என்று கண்கலங்கினார். நான் சற்றும் யோசிக்காமல், "இரண்டு வக்தையும் சேர்த்துத் தொழுவது நம் ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது மட்டும்தான். வக்து வந்த பிறகே தொழச் சொல்லுங்கள்" என்று பதில் கூறி அனுப்பிவிட்டேன்.

ஹஜ்ரத்தின் சொல்லைத் தட்டாத அந்த இளைஞர் வராத வக்துக்காக இரவெல்லாம் காத்திருந்திருக்கிறார். கைப்பேசியில் உள்ள ஒரு செயலி இஷாவுக்கு ஒரு நேரம் காட்டியது. வேறொன்று அதிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டியது. மூன்றாவது அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. விடிந்ததும் அலுவலகம் செல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவரே என்னை அழைத்து, "ஹஜ்ரத், முடியல. நான் தப்பான ஊருக்கு வந்துட்டேனா, இல்ல நான்தான் தப்பானவனா?" என்று கேட்டார். அன்றிரவுதான் கிதாபுகளைத் திறந்தேன். அவருடைய கேள்விக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை அப்போதுதான் கவனமாகப் படித்தேன். முதலிலேயே படிக்காமல் பதில் சொன்னதற்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கோருகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக அவ்வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

வோல்கா நதிக்கரையின் மோதினார்

ஹிஜ்ரி 309, அதாவது கி.பி. 921. பக்தாதில் அப்பாஸிய கலீஃபா முக்ததிர் ஆட்சி செய்துகொண்டிருந்தார். வெகு வடக்கே, இன்றைய ரஷ்யாவில் ஓடும் வோல்கா நதிக்கரையில் பல்கார் என்னும் இனத்தவர் வாழ்ந்தனர். இஸ்லாத்தைத் தழுவியிருந்த அவர்களுடைய அரசர், மார்க்கம் கற்பிக்க அறிஞர்களையும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்ட உதவியையும் வேண்டிக் கலீஃபாவுக்குத் தூது அனுப்பினார். கலீஃபா அனுப்பிய குழுவில் ஒருவர் அஹ்மத் இப்னு ஃபள்லான். ஏறத்தாழ ஓராண்டுப் பயணத்துக்குப் பின், ஹிஜ்ரி 310 முஹர்ரம் மாதத்தில், கி.பி. 922 மே மாதம், அவர் பல்கார் தேசத்தை அடைந்தார். தாம் கண்டவற்றை அவர் எழுதி வைத்த பயணக் குறிப்பு இன்றும் உள்ளது.

அக்குறிப்பில் ஓர் இரவு வருகிறது. அரசரின் தையற்காரர் பக்தாதைச் சேர்ந்தவர். அவரும் இப்னு ஃபள்லானும் கூடாரத்தில் அமர்ந்து பேசியபடி இஷா பாங்கை எதிர்பார்த்திருந்தனர். சிறிது நேரத்தில் பாங்கு ஒலித்தது. வெளியே வந்து பார்த்தால் வானம் வெளுத்திருந்தது. "எந்த வக்துக்குப் பாங்கு சொன்னீர்?" என்று மோதினாரைக் கேட்டார். "சுப்ஹுக்கு" என்றார் அவர். "அப்படியானால் இஷா?" என்று கேட்க, அதை மஃரிபுடன் சேர்த்தே தொழுதுவிடுவதாகப் பதில் வந்தது. இரவு எங்கே என்று வியந்தவரிடம், இதைவிடவும் குறுகிய இரவுகள் இருந்தன, இப்போதுதான் நீளத் தொடங்கியிருக்கிறது என்றார் அந்த மோதினார். சுப்ஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு மாதமாகத் தாம் உறங்கவில்லை என்றும் சொன்னார். மஃரிப் வேளையில் அடுப்பில் ஏற்றிய பானை வேகும் முன்பே சுப்ஹு தொழுகை வந்துவிடும் நாடு அது என்று இப்னு ஃபள்லான் எழுதுகிறார்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். ஸ்டாக்ஹோமில் உறக்கமின்றித் தவித்த என் மாணவரின் நிலையில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு மோதினார் நின்றிருக்கிறார். என் மாணவர் முதலில் செய்ததும் அந்த மோதினார் செய்ததும் ஒன்றே.

அதே பயணக் குறிப்பில் நம் தமிழ்நாட்டு வாசகர்கள் புன்முறுவல் பூக்கும் செய்தியும் உண்டு. பல்கார் மோதினார் ஹனஃபி முறைப்படி இகாமத்தின் சொற்களை இரண்டிரண்டு முறை சொன்னார். கலீஃபாவின் இல்லத்தில் ஒரு முறைதான் சொல்வார்கள் என்று இப்னு ஃபள்லான் திருத்தினார். முதலில் இணங்கிய அரசர் பிறகு பழைய முறைக்கே திரும்பும்படி மோதினாரிடம் கூறிவிட்டார். கடலோரத்து ஷாஃபிஈ குடும்பத்துப் பிள்ளையும் கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளையும் வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கினால் நடக்கும் அதே விவாதம்தான்.

காசில் வந்த கலிமா

பல்கார் தேசத்துச் சந்தையில் இப்னு ஃபள்லான் 'ரூஸ்' எனப்படும் வணிகர்களையும் கண்டார். பேரீச்ச மரம்போல் உயர்ந்த உடல்வாகு கொண்டவர்கள் என்று அவர்களை வருணிக்கிறார். ஸ்வீடன் உள்ளிட்ட ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து ஆற்றுவழியாக வந்தவர்களே ரூஸ் மக்கள் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. அவர்கள் மென்மயிர்த் தோல்களையும் அடிமைகளையும் விற்று, முஸ்லிம் நாடுகளின் வெள்ளித் திர்ஹம்களைப் பெற்றுச் சென்றனர்.

அந்த வெள்ளி ஸ்வீடன் மண்ணில் இன்றும் கிடைக்கிறது. 1999ஆம் ஆண்டு அந்நாட்டின் கோட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணை நிலத்தில் 67 கிலோ எடையுள்ள வெள்ளிப் புதையல் கண்டெடுக்கப்பட்டது. அதில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. மிகப் பெரும்பாலானவை இஸ்லாமிய ஆட்சியாளர்கள் அச்சிட்ட திர்ஹம்கள். அக்கால திர்ஹம்களில் கலிமாவின் வாசகம் பொறிக்கப்படுவது வழக்கம். தொழும் மனிதர்கள் அந்நாட்டில் குடியேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, படிக்கத் தெரியாதவர்களின் கையில், ஏகத்துவ வாசகம் வெள்ளிக் காசாக அங்கே சென்று சேர்ந்துவிட்டது.

தமிழ் முஸ்லிம்களின் மண்ணுக்கும் ஸ்வீடனுக்கும் இருந்த பழைய தொடர்பு ஒன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1731இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அக்கம்பெனியின் கப்பல் 1733இல் நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து அங்கே ஒரு பண்டகசாலையை அமைத்தது. மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம்கள் அழைத்த அதே துறைமுகம்தான். போட்டியை விரும்பாத ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம் பகையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றுசேர்ந்து அதைத் தாக்கிச் சரக்குகளைக் கைப்பற்றினர். ஸ்வீடன்காரர்களின் அந்த முயற்சி சில வாரங்களிலேயே முடிந்துபோனது. இன்று பயணத்தின் திசை மாறியிருக்கிறது. அவர்கள் நம் கரையில் தங்க இடம் தேடியதுபோல, நம் பிள்ளைகள் அவர்கள் மண்ணில் இடம் தேடிச் செல்கின்றனர்.

இமாம்களின் விவாதம்

பல்கார் மோதினாரின் நிலை மார்க்க அறிஞர்களுக்கு முன் பெரும் கேள்வியாக எழுந்தது. இஷாவின் வக்து, அந்திச் செம்மை மறைவதால் தொடங்குகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் செம்மைக்குப் பின் வரும் வெண்மையும் மறைய வேண்டும். கோடையில் அந்திச் செம்மை மறையும் முன்பே வைகறை வந்துவிடும் ஊரில் இஷா கடமையாகுமா?

ஹனஃபி நூல்களில் இதைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. பல்கார் மக்கள் இஷாவைக் களாவாகத் தொழ வேண்டும் என்று ஷம்சுல் அயிம்மா ஹல்வானீ (ரஹ்) தீர்ப்பளித்தார். கவாரிஸ்ம் நாட்டு அறிஞர் பக்காலீ (ரஹ்), வக்தே வராததால் அவர்கள்மீது அது கடமையாகாது என்றார். ஹல்வானீ ஓர் ஆளை அனுப்பி, ஐவேளையில் ஒன்றைக் கைவிடுபவரின் நிலை என்ன என்று சபையில் கேட்கச் செய்தார். கேள்வியின் நோக்கம் பக்காலீக்குப் புரிந்துவிட்டது. இரு கைகளும் முழங்கையோடு துண்டிக்கப்பட்டவருக்கு ஒளூவின் ஃபர்ளுகள் எத்தனை என்று திருப்பிக் கேட்டார். கழுவ வேண்டிய இடமே இல்லாததால் மூன்றுதான் என்று வந்தவர் சொன்னார். இத்தொழுகையும் அவ்வாறே என்றார் பக்காலீ. இதைக் கேள்வியுற்ற ஹல்வானீ அப்பதிலைப் பாராட்டி ஏற்றுக்கொண்டதாக நூல்கள் கூறுகின்றன.

பின்னர் வந்த எகிப்திய ஹனஃபி அறிஞர் இப்னுல் ஹுமாம் (ரஹ்) இந்த உவமையை ஏற்கவில்லை. கை இல்லாமல் போவதும் அடையாளம் தெரியாமல் போவதும் ஒன்றல்ல என்றார். ஒரு பொருளின் அடையாளம் மறைந்தாலும் வேறு ஆதாரத்தால் அப்பொருள் உறுதியாகலாம். ஐவேளைத் தொழுகையோ எல்லா ஊர் மக்களுக்கும் பொதுவான கடமை என்று விளக்கினார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம், நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டுபோல் நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அன்று ஒரு நாளின் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டனர். போதாது, நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள் என்பதே விடையாக இருந்தது. வடதேசத்து மக்களுக்குத் 'தக்தீர்', அதாவது நேரக் கணிப்பு என்னும் வழி இந்த விடையிலிருந்தே பிறந்தது. நீண்ட பகலைப் பற்றிக் கேட்டவுடன் தோழர்களின் உள்ளத்தில் எழுந்த முதல் கவலை தொழுகையாக இருந்ததையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ரத்துல் முஹ்தார் நூலில் திமிஷ்க் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) நோன்பைப் பற்றியும் பேசுகிறார். சூரியன் மறைந்ததும் வைகறை வந்து, உண்ணவே நேரம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. தொடர்ந்து நோன்பிருக்கச் சொன்னால் மனிதன் அழிந்துவிடுவான். ஆகவே கணிப்பா, அண்டை ஊரின் நேரமா, பிறகு களா செய்வதா என்று வழிகளை ஆராய்கிறார். பல்கார் மக்களின் வழிவந்தவர்கள் என்று தம்மைக் கருதும் தாத்தாரிய முஸ்லிம்களிடையே இவ்விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடங்கவில்லை. கஸான் நகரத்து ஷிஹாபுத்தீன் மர்ஜானீ (1818–1889), செம்மை மறையாவிட்டாலும் இஷா கடமையே என்று நிறுவத் தனி நூலே எழுதினார்.

ஸ்டாக்ஹோமுக்கு வந்த கேள்வி

வரலாற்றின் அழகிய திருப்பம் இதன் பிறகுதான். ஸ்வீடனில் 1951ஆம் ஆண்டின் மதச் சுதந்திரச் சட்டம் வரும்வரை குடிமக்கள் எந்தச் சமயத்தையும் சாராமல் வாழ முழு உரிமை இல்லை. அதற்குச் சற்று முன், 1940களின் இறுதியில், ஸ்டாக்ஹோமில் ஒரு சிறு கூட்டம் அந்நாட்டின் முதல் முஸ்லிம் ஜமாஅத்தை அமைத்தது. அவர்கள் பின்லாந்து, எஸ்டோனியா வழியாக வந்த தாத்தாரியர்கள். உறங்காத மோதினாரின் கேள்வியை ஆயிரம் ஆண்டாகச் சுமந்து வந்த சமூகமே, இரவு வராத அந்த ஊரில் முதல் ஸஃப்பை நிறுத்தியிருக்கிறது. துருக்கி, யுகோஸ்லாவியா, பாகிஸ்தான், ஈரான், இராக், சோமாலியா, சிரியா ஆகிய நாடுகளின் முஸ்லிம்கள் வந்து சேர்ந்தது அதன் பிறகே.

1984இல் மால்மோ நகரில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. மால்மோ ஏறத்தாழ பல்கார் நகரின் அதே அட்சரேகையில் உள்ளது. 2000ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 1903இல் ஃபெர்டினான்ட் போபெரி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த மின்நிலையமே அவ்வாறு பள்ளிவாசலாக மாறியது. ஸ்டாக்ஹோம் அருகே ஃபித்யா பள்ளிவாசலின் மினாராவிலிருந்து 2013இல் வெள்ளிக்கிழமை பாங்கு ஒலித்தபோது அது நாட்டிலேயே முதல் முறை. ஐவேளையும் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வெறுமை என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கே அன்றாட வாழ்வு எப்படி அமைகிறது? தேவாரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதத்தில் பகல் பதினெட்டரை மணி நேரம். டிசம்பரில் ஆறு மணி நேரம். கோடையில் நோன்பு 20 மணி நேரத்தை எட்டும். குளிர்காலத்தில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையே வந்துவிடும். மூன்றும் அலுவலக நேரம். இன்னும் வடக்கே உள்ள கிரூனா நகரில் கோடையில் பல வாரங்கள் சூரியன் மறைவதே இல்லை. டிசம்பரில் சில வாரங்கள் உதிப்பதில்லை. இறைச்சியிலும் கவனம் வேண்டும். கால்நடைகளை மயக்கமுறச் செய்த பிறகே அறுக்க வேண்டும் என்று 1937ஆம் ஆண்டுச் சட்டம் முதல் அங்கே விதி உள்ளது. அதனால் எந்த இறைச்சி ஹலால் என்று அங்குள்ள முஸ்லிம்கள் விசாரித்தே வாங்குகின்றனர்.

நோன்பு, தொழுகை நேரங்கள் குறித்து இக்காலத்து உலமாக்களின் முடிவுகளைச் சுருக்கமாகக் கூறலாம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இரவும் பகலும் பிரித்தறியப்படும் ஊரில், பகல் நீண்டாலும் அவ்வூர் நேரப்படியே நோன்பிருக்க வேண்டும். தாங்க முடியாமல் உடலுக்குத் தீங்கு வரும் என்றால் விட்டுவிட்டுப் பிறகு களா செய்யலாம் என்பது பெரும்பாலோரின் நிலை. சூரியனே மறையாத ஊரில், இரவு பகல் தெளிவாக உள்ள ஊரின் நேரத்தைக் கொண்டு கணிக்க வேண்டும். எகிப்து நாட்டு அறிஞர்கள் சிலர், அளவுக்கு மீறிப் பகல் நீளும் ஊர்களிலும் மக்கா நேரத்தைப் பின்பற்றலாம் என்றனர். இஷாவின் செம்மை மறையாத காலத்தில் கணித்துத் தொழுவதையும், தேவை கருதி மஃரிபுடன் சேர்த்துத் தொழுவதையும் ஐரோப்பிய உலமாக்கள் பலர் அனுமதித்துள்ளனர். இவற்றுள் எது யாருக்கு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அங்குள்ள பள்ளிவாசலின் ஆலிம்களே. தேவாரத்தில் அமர்ந்திருக்கும் நான் அல்லன்.

இதைத்தான் என் மாணவரிடம் சொன்னேன். "என் பதில் அவசரப்பட்ட பதில். செயலிகளை விட்டுவிட்டு, உங்களுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலின் அட்டவணை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜமாஅத்தோடு இருங்கள்" என்றேன். அவர் சென்ற பள்ளிவாசலின் இமாம், அவர் முதலில் செய்ததையே, கோடைக்காலம் முடியும்வரை, செய்யச் சொன்னாராம். தாயாரை மதரஸாவுக்கு அழைத்து, வோல்கா நதிக்கரை மோதினாரின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "ஒரு மாசமா தூங்கலையா அந்த மனுசர்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகனை அழைத்து, "நல்லாத் தூங்குத்தா" என்றார்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்வீடன் நேரம் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. நீங்கள் இஷா முடித்துவிட்டு அழைக்கும்போது அவர்கள் அலுவலகத்தில் இருக்கலாம். "தொழுதாயா?" என்று விசாரிப்பதோடு, "அங்கே இப்போது என்ன வக்து?" என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் நமக்குப் புதிதாக இருந்தால் உடனே ஐயம் கொள்ளாதீர்கள். ரமளான் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. 2030ஆம் ஆண்டில் அது ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலும் என இருமுறை தொடங்கும். டிசம்பர் இறுதியில் தொடங்கும் நோன்பின் முதல் நாட்களில் ஸ்டாக்ஹோம் பிள்ளைகள் மூன்று மணிக்கு முன்பே நோன்பு திறப்பார்கள். நீண்ட நோன்பை வியந்தவர்கள் குறுகிய நோன்பைக் குறைவாக எண்ணக் கூடாது. இரண்டும் அதே ரப்பின் கட்டளை.

ஸ்வீடன் மக்கள் ஏலக்காய் சேர்த்த இனிப்பு ரொட்டியை மிக விரும்பி உண்பவர்கள். அங்கே சென்ற முதல் வாரம், ஒரு ரொட்டிக் கடையைக் கடந்தபோது போடி ஏலக்காய்ச் சந்தையின் வாசனை வந்து அப்படியே நின்றுவிட்டதாக அந்த மாணவர் சொன்னார். இப்போது அங்கேயே குடும்பமாக வாழ்கிறார். சென்ற விடுமுறையில் வந்தபோது அவருடைய ஏழு வயது மகன் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, மலைக்குப் பின்னால் சூரியன் போவதைப் பார்த்துவிட்டு, "மஃரிபா?" என்று கேட்டான். அவனுடைய அத்தா கிழக்கே கைகாட்டி, "பொறு" என்றார்.

எந்த மண்ணில் வாழ்ந்தாலும் தொழுகையைப் பேணுபவர்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! அறியாமல் அவசரப்பட்டுக் கூறும் சொற்களிலிருந்து எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் காப்பானாக! ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.